இருக்கை இல்லாத அரங்கு: வீட்டில் பார்க்கும் நாடகத்தின் விலையும் மதிப்பும்

2020 ஜூன் இறுதியில், கொரோனா ஊரடங்கால் லண்டனின் நாடக அரங்குகள் எல்லாம் பூட்டிக் கிடந்தபோது, ஓல்ட் விக் அரங்கு நுழைவுச்சீட்டு விற்றது. டங்கன் மக்மில்லன் எழுதிய ‘லங்ஸ்’ நாடகத்தில் கிளேர் ஃபாய், மாட் ஸ்மித் என்று இருவர்தான் நடிகர்கள். பார்வையாளர் இல்லாத அரங்கில், தொற்றுக்கால விதிப்படி ஒருவரையொருவர் நெருங்காமல், காலி இருக்கைகள் பின்னணியில் தெரிய அவர்கள் நடித்தார்கள். அது நடக்கும்போதே இணையம் வழியாக வீடுகளுக்குப் போனது. ஒரு காட்சிக்கு அதிகபட்சம் ஆயிரம் சீட்டுகள். அந்த அரங்கில் ஏறத்தாழ அத்தனை பேர்தான் உட்கார முடியும். விலை 10 பவுண்டு முதல் 65 பவுண்டு வரை, வழக்கமான நாட்களில் இருப்பதைப் போலவே. ஆனால் 65 பவுண்டு கொடுத்தவருக்கும் 10 பவுண்டு கொடுத்தவருக்கும் திரையில் தெரிந்தது ஒரே காட்சிதான்.

அரங்கில் விலை ஏறி இறங்குவதற்குக் காரணம் இடம். முன்வரிசைக்கு ஒரு விலை, மேல்மாடத்துக்கு ஒரு விலை, தூண் மறைக்கும் மூலைக்கு ஒரு விலை. வீட்டுக்கு வரும் காட்சியில் முன்வரிசையும் இல்லை, தூணும் இல்லை. பிறகு அந்தக் கூடுதல் 55 பவுண்டு எதற்கு? ஓல்ட் விக் அரசின் தொடர் மானியம் பெறாத அரங்கு. கதவு மூடினால் வருமானமும் மூடிவிடும். தன் வசதிக்கேற்ப அரங்கைத் தாங்கிப் பிடிக்கப் பார்வையாளர் கொடுத்த பணம் அது. சீட்டு என்ற பெயரில் வந்த நன்கொடை. ஆயிரம் பேர் என்ற வரம்புக்கும் தொழில்நுட்பத்தில் காரணம் கிடையாது. ஆயிரத்தோராவது ஆளை இணையம் வாசலில் நிறுத்துவதில்லை. இல்லாத இருக்கைகளை அரங்கு கற்பனையில் போட்டு, அவற்றுக்கு விலை வைத்தது.

அந்த நெருக்கடி நேரத்தில் அது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்குள் இருந்த குழப்பம் இன்னும் தீரவில்லை. வீட்டில் பார்க்கும் நாடகத்தை இருக்கையோடு ஒப்பிட்டு விலை பேசும்வரை கணக்கு சரிப்படாது. அப்படி ஒப்பிட்டால் அது எப்போதும் மட்டமான இருக்கையாகவே தெரியும். ‘மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் நேரில் பார்ப்பதுபோல வருமா’ என்ற பேச்சிலேயே முடிந்துபோகும். வீட்டில் பார்க்கும் நாடகம் நூலகத்தின் பக்கம் சேரவேண்டிய ஒன்று. எவ்வளவு கொடுக்கலாம், யார் கொடுக்க வேண்டும், யாருக்கு அது அதிகம் பயன்படும் என்பதையெல்லாம் அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் விடை பிடிபடும்.

வீட்டில் இருந்தபடி நாடகம் அனுபவிக்கும் ஆசை இணையத்தோடு பிறந்ததல்ல. 1881இல் பாரிஸில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் கிளெமெந்த் அதேர் என்ற பொறியாளர், ஒபேரா அரங்கின் மேடையோரம் ஒலிவாங்கிகளை வைத்துத் தொலைபேசிக் கம்பி வழியே பாடலைக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். பார்வையாளர்கள் காதுக்கொரு கேட்புக்கருவியைப் பொருத்திக்கொண்டு கேட்டார்கள். பாடகர் மேடையில் இடம் மாறுவதுகூடக் காதுக்குத் தெரிந்தது. 1890இல் ‘தியாத்ரோஃபோன்’ என்ற பெயரில் இது சந்தா வணிகமானது. உணவு விடுதிகளிலும் ஹோட்டல்களிலும் காசு போட்டுச் சில நிமிடங்கள் கேட்கும் பெட்டிகளும் வந்தன. ஆஸ்துமாவால் வெளியே போக முடியாத எழுத்தாளர் மார்செல் புரூஸ்த் 1911இல் சந்தாதாரர் ஆகி, தெபுஸ்ஸியின் ஒபேராவைப் படுக்கையில் இருந்தபடியே கேட்டார். லண்டனில் 1895இல் தொடங்கிய ‘எலெக்ட்ரோஃபோன்’ சேவைக்கு ஆண்டுச் சந்தா 5 பவுண்டு. அன்றைய கூலித் தொழிலாளிக்கு அது பல வார ஊதியம். அதனால் வீட்டில் கேட்டவர்கள் பெரும்பாலும் அரங்குக்குப் போகவும் வசதி உள்ளவர்களே. 1920களில் வானொலி வந்ததும் இந்தக் கம்பிச் சேவைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தமிழ்நாட்டில் 1930களில் நாடகங்களைப் பல இசைத்தட்டுகள் கொண்ட ‘டிராமா செட்’களாக கிராமபோன் கம்பெனிகள் விற்றதும் இதே ஆசையை நம்பித்தான். மேடையையே பார்க்காத வீடுகளில் கோவலனும் வள்ளியும் அந்தத் தட்டுகளில் பாடினார்கள்.

நாடகத்துக்கு ஏன் இவ்வளவு விலை என்பதற்குப் பொருளியலில் ஒரு பழைய விளக்கம் உண்டு. அமெரிக்கப் பொருளியலாளர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966இல் வெளியிட்ட நூலில் அதை முன்வைத்தார்கள். நெசவாலையில் இயந்திரம் வந்தால் ஒரு தொழிலாளி முன்பைவிடப் பல மடங்கு துணி நெய்வார். அவருடைய கூலி உயர்ந்தாலும் துணியின் விலை உயராது. நால்வர் வாசிக்கும் இசைக்கோவைக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பும் நால்வர்தான் வேண்டும், இன்றும் நால்வர்தான் வேண்டும், நிமிடங்களும் குறையாது. ஆனால் மற்றத் துறைகளில் கூலி உயர உயர இசைக்கலைஞரின் கூலியும் உயர்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். எனவே நிகழ்கலையின் செலவு மற்றப் பொருள்களின் விலையைவிட வேகமாக ஏறிக்கொண்டே போகும். ஹாம்லெட் நாடகத்தை இரண்டு நடிகர்களைக் கொண்டு பாதி நேரத்தில் முடித்து ‘உற்பத்தித் திறன் கூடிவிட்டது’ என்று சொல்ல முடியாது.

இந்தப் பூட்டைத் திறக்கும் சாவி பதிவு. ஒரே இரவின் உழைப்பு ஆயிரம் ஊர்களுக்குப் போகலாம். 1964இல் ஜான் கீல்குட் இயக்கத்தில் ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த ஹாம்லெட்டை பிராட்வே அரங்கிலேயே படம்பிடித்து, அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் திரையரங்குகளில் இரண்டே நாட்கள் காட்டினார்கள். காட்டி முடித்ததும் பிரதிகளை அழித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நாடகம் என்றால் மறைய வேண்டும். மறைவதில்தான் அதன் விலை இருக்கிறது என்ற நம்பிக்கை அவ்வளவு உறுதியாக இருந்தது. பர்ட்டன் தன்னிடம் வைத்திருந்த ஒரு பிரதி அவர் இறந்தபிறகு கிடைத்ததால்தான் அந்த நடிப்பை நாம் இன்று பார்க்க முடிகிறது.

அழிக்காமல் பரப்புவது என்ற முடிவைப் பெரிய அளவில் எடுத்தது லண்டனின் நேஷனல் தியேட்டர். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஒபேரா 2006 டிசம்பரில் திரையரங்கு நேரலையைத் தொடங்கி வழிகாட்டியிருந்தது. 2009 ஜூன் 25 அன்று ஹெலன் மிரன் நடித்த ‘ஃபேத்ர’ நாடகத்தை நேஷனல் தியேட்டர் தன் மேடையிலிருந்து திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பியது. அந்த முதல் முயற்சியைப் பல நாடுகளிலுமாக ஏறத்தாழ 50,000 பேர் பார்த்தார்கள். நாடகம் நடந்த லிட்டில்டன் அரங்கில் சுமார் 890 இருக்கைகள். அந்த அரங்கு 56 முறை நிறைந்தால்தான் அத்தனை பேர்.

இதற்கு ஆகும் செலவு வெளியே தெரிவதில்லை. கேமராவை ஓரமாக நட்டுவைத்து எடுப்பதல்ல இது. ஐந்து முதல் எட்டு கேமராக்கள் அரங்குக்குள் வரும். அவற்றுக்காக இருக்கைகளைக் கழற்ற வேண்டும். அந்தச் சீட்டுகளின் வருமானம் போகும். திரைக்கான இயக்குநர் ஒருவர் நாடகத்தைப் பலமுறை பார்த்து, எந்த வசனத்தில் எந்தக் கேமரா என்று வரிக்கு வரி குறித்துவைப்பார். கேமரா ஒத்திகைகள் தனியாக நடக்கும். மேல்மாடத்துக்கும் தெரிய வேண்டும் என்று போட்ட ஒப்பனையும் விளக்கும் நெருக்கமான ஷாட்டில் பூசியதுபோலத் தெரியும் என்பதால் அவற்றைத் திருத்துவார்கள். நடிகர்களின் உடையில் ஒலிவாங்கி ஏறும். பிறகு எழுத்தாளர், இயக்குநர், நடிகர்கள், இசையமைப்பாளர், ஆடை, ஒளி, அரங்க வடிவமைப்பாளர்கள் என ஒவ்வொருவரோடும் உரிமை ஒப்பந்தம். பின்னணியில் அரை நிமிடம் ஒலிக்கும் பழைய பாட்டுக்கும் தனி அனுமதி வாங்க வேண்டும். முதல் பிரதிக்கு இவ்வளவு செலவு. இரண்டாவது பிரதியிலிருந்து செலவு கிட்டத்தட்ட சுழியம். புத்தகத்தின் பொருளாதாரமும் இதுதான்.

நேரலை வந்தால் அரங்குக்குக் கூட்டம் குறையும் என்ற பயம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. பிரிட்டனின் நெஸ்டா என்ற ஆய்வு அமைப்பு ‘ஃபேத்ர’ பார்த்தவர்களிடம் கருத்துக் கேட்டபோது, திரையரங்கில் பார்த்தவர்கள் அரங்கில் பார்த்தவர்களைவிட அதிகமாக உணர்ச்சியோடு ஒன்றிப்போனதாகச் சொன்னார்கள். அவர்களில் குறைந்த வருமானக்காரர்களின் பங்கும் அதிகமாக இருந்தது. 2014இல் ஹசன் பக்ஷி, ஆண்ட்ரூ விட்பி என்ற ஆய்வாளர்கள் இருவரும் சீட்டு விற்பனைத் தரவுகளை எடுத்து ஆராய்ந்தபோது, நேரலை காட்டிய திரையரங்குகளை அடுத்த பகுதிகளில் நாடகத்துக்குப் போவோர் குறைந்ததற்குச் சான்று இல்லை. லண்டனில் சற்றே கூடியிருந்ததாகவும் தெரிந்தது.

இந்த முடிவுகளை அப்படியே வீட்டுத் திரைக்குப் பொருத்துவது தவறு. திரையரங்குக்குப் போவதும் வெளியே கிளம்பிப் போவதுதான். குறித்த நேரம் உண்டு, இருட்டு உண்டு, பக்கத்தில் முன்பின் அறியாதவர்கள் உண்டு. வீட்டில் இவை எதுவும் கிடையாது.

வீட்டுத் திரையின் உண்மையான சோதனை 2020இல்தான் நடந்தது. ஏப்ரல் 2 அன்று நேஷனல் தியேட்டர் தன் பதிவுகளை யூடியூபில் இலவசமாகத் திறந்தது. வியாழன் இரவு ஒரு நாடகம் வரும், ஒரு வாரம் இருக்கும், பிறகு எடுத்துவிடுவார்கள். ஜூலை வரை 16 நாடகங்கள். 173 நாடுகளிலிருந்து ஒன்றரைக் கோடிப் பார்வைகள் பதிவாயின. ஏறத்தாழ 1,150 பேர் அமரும் அதன் பெரிய அரங்கான ஒலிவியரை ஆண்டுக்கு முந்நூறு இரவு நிறைத்தாலும், அத்தனை பேர் வந்துபோக நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகும். இந்த எண்ணைக் கவனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். யூடியூபில் பார்வை என்பது ஆளும் அல்ல, முழு நாடகமும் அல்ல. ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு மூடியவரும் கணக்கில் ஒன்று. ஐந்து பேர் குடும்பமாக உட்கார்ந்து கடைசிவரை பார்த்த வீடும் கணக்கில் ஒன்று. எப்படிக் கழித்தாலும் மிஞ்சுவது சிறிய கூட்டமல்ல.

அந்த வரிசையின் முதல் நாடகமான ‘ஒன் மேன், டூ கவ்னர்ஸ்’ஐ எடுத்துக்கொள்வோம். கோல்டோனியின் பதினெட்டாம் நூற்றாண்டு இத்தாலிய நகைச்சுவையை ரிச்சர்ட் பீன் 1963ஆம் ஆண்டு பிரைட்டனுக்கு மாற்றி எழுதியது. ஜேம்ஸ் கார்டன் இரண்டு எஜமானர்களுக்கு வேலை பார்க்கும் பசிக்கார வேலைக்காரன். இருவருக்கும் ஒரே நேரத்தில் விருந்து பரிமாறும் காட்சியில், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்த எண்பதைத் தாண்டிய கிழப் பரிசாரகர் ஒருவர் கை நடுங்க சூப் கொண்டுவருகிறார். படிக்கட்டில் உருள்கிறார், கதவில் அடிபடுகிறார், மறுபடி எழுந்து வருகிறார். பார்வையாளர் வரிசையிலிருந்து ஒரு பெண்ணை மேடைக்கு இழுத்து, அவர் சங்கடத்தில் நெளிய, கடைசியில் தீயணைப்பு நுரையால் நனைத்துவிடுகிறார்கள். அந்தப் பெண் முன்பே ஏற்பாடு செய்த நடிகை. ஆனால் அரங்கில் இருப்பவர்கள் அந்த நிமிடத்தில் அதை நம்புகிறார்கள். ‘நல்ல வேளை, என்னை இழுக்கவில்லை’ என்ற பதற்றமும் சேர்ந்துதான் அந்தச் சிரிப்பு வெடிக்கிறது. வீட்டில் சோபாவில் இருப்பவரை யாரும் மேடைக்கு இழுக்க முடியாது. அந்தப் பதற்றம் நமக்குக் கிடைப்பதில்லை. கிழவர் உருள்வதும் கூட்டத்தின் சிரிப்பொலியும் கிடைக்கின்றன. இந்த இழப்பு உண்மையானது. எவ்வளவு நல்ல திரை வாங்கினாலும் இதை ஈடுகட்ட முடியாது.

அதே வரிசையில் வந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வேறொரு கணக்கைக் காட்டுகிறது. 2011இல் டேனி பாயில் இயக்கியது. பெனடிக்ட் கம்பர்பாட்சும் ஜானி லீ மில்லரும் விஞ்ஞானி, அவன் படைத்த உயிர் ஆகிய இரண்டு பாத்திரங்களையும் இரவுக்கு இரவு மாற்றி மாற்றி நடித்தார்கள். தொடக்கத்தில் பத்து நிமிடம்போல வசனமே கிடையாது. சவ்வுக்குள்ளிருந்து பிதுங்கி விழும் ஓர் உடல் தன் கை எது, கால் எது என்று தெரியாமல் துடித்து, தவழ்ந்து, எழுந்து, முதல் அடி வைக்கிறது. மேலே மூவாயிரத்துக்கும் அதிகமான மின்விளக்குகள் தொங்குகின்றன. கம்பர்பாட்சின் உயிர் ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்ந்து கற்கிறது. மில்லரின் உயிரில் குழந்தைத்தனமும் விலங்கின் மூர்க்கமும் முன்னால் நிற்கின்றன. இந்த வேறுபாட்டைப் பார்க்க அன்றைய லண்டன்வாசி இரண்டு சீட்டு வாங்கி, இரண்டு இரவு போயிருக்க வேண்டும். முதலில் பார்த்ததை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதை எடைபோட்டிருக்க வேண்டும். 2020இல் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்த நாளில் வெளியிட்டார்கள். அந்தப் பத்து நிமிடத்தை அடுத்தடுத்துப் பார்த்தவருக்கு, ஒரே காட்சியை இரண்டு உடல்கள் எப்படி இரண்டு வாழ்க்கையாக்குகின்றன என்பது கண்ணெதிரே தெரிந்தது. அரங்கின் எந்த இருக்கையும் இதைத் தராது. பதிவை அரங்கின் நகல் என்று மட்டுமே எண்ணுபவர்கள் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். ஒப்பிட்டுப் பார்ப்பது, திரும்பிப் பார்ப்பது, நிறுத்திப் பார்ப்பது எல்லாம் வாசகரின் உரிமைகள். அவற்றை முதன்முறையாக நாடகப் பார்வையாளருக்குக் கொடுப்பது பதிவு.

அதற்குப் பதிலாகப் பறிபோவது பார்வையின் சுதந்திரம். பேசுபவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டு மூலையில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பது நாடகம் பார்த்துப் பழகியவர்களின் சுகங்களில் ஒன்று. கேமரா நமக்காக முடிவெடுத்துவிடுகிறது. நல்ல திரை இயக்குநர் அடிக்கடி முழு மேடையையும் காட்டி, நமக்கு மூச்சுவிட இடம் கொடுப்பார். மோசமானவர் முகத்துக்கு முகம் தாவிக்கொண்டே இருப்பார். நிகழ்த்துகலையின் உயிர் நிகழும் கணத்தில் மட்டுமே இருக்கிறது, பதிவானால் அது வேறொன்றாகிவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் பெகி ஃபெலன் 1993இல் வாதிட்டார். ‘நேரடி’ என்ற எண்ணமே பதிவுக் கருவிகள் வந்த பின்னால் உருவானதுதான் என்று ஃபிலிப் ஆஸ்லாண்டர் 1999இல் மறுத்தார். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. வேறொன்றாகிவிடுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த வேறொன்றுக்கு மதிப்பில்லை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

2020 டிசம்பர் 1 அன்று நேஷனல் தியேட்டர் தன் பதிவுகளுக்குச் சந்தாத் தளம் திறந்தது. தொடக்கத்தில் மாதம் 9.98 பவுண்டு, ஆண்டுக்கு 99.98 பவுண்டு, ஒரு நாடகத்தை மட்டும் பார்க்க 5.99 அல்லது 7.99 பவுண்டு. அன்றைய மதிப்பில் மாதச் சந்தா ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். லண்டன்வாசிக்கு இது அரங்கின் பெரும்பாலான இருக்கைகளைவிடக் குறைவாக இருந்தது. போக்குவரத்துச் செலவு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கும் செலவு எல்லாம் மிச்சம். சென்னையிலோ மதுரையிலோ இருப்பவர் ஒப்பிட வேண்டியது விமானச் சீட்டோடும் விசாவோடும். அவருக்கு மலிவா, அதிகமா என்ற கேள்வியே எழுவதில்லை. இது இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் எதுவுமே இல்லை. அதே வேளையில், சபாக்களில் குறைந்த கட்டணத்துக்கும் கூத்துக்களத்தில் கட்டணமே இல்லாமலும் நாடகம் பார்த்துப் பழகிய நமக்கு மாதம் ஆயிரம் ரூபாய் சிறிய தொகையுமல்ல. மாதத்துக்கு ஒரு நாடகம்கூடப் பார்க்காமல் சந்தாவை ஓடவிட்டால் அது வீண்தான். ஒரு மாதம் மட்டும் வாங்கி, நான்கைந்து நாடகங்களை வாரக் கடைசிகளில் விளக்கை அணைத்து, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, குடும்பத்தோடோ நண்பர்களோடோ பார்ப்பதே கொடுத்த காசுக்கு முழுப் பயன் எடுக்கும் வழி. பணத்தைவிடப் பெரிய செலவு கவனம். மூன்று மணி நேர நாடகத்தை இருபது நிமிடத் துண்டுகளாக ஒன்பது நாளில் பார்த்தால் கதை தெரியும், நாடகம் கிடைக்காது. அரங்கில் கதவும் இருட்டும் நமக்காகச் செய்வதை வீட்டில் நாமே செய்துகொள்ள வேண்டும்.

வணிகத்தின் மறுமுனையில் ‘ஹாமில்டன்’ என்ற பிராட்வே இசைநாடகம் நிற்கிறது. 2016இல் அதன் உயர்விலைச் சீட்டு 849 டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு ஜூனில், முதல் நடிகர் குழு கலைவதற்கு முன் எடுத்த பதிவின் உலக உரிமைக்கு டிஸ்னி 7.5 கோடி டாலர் கொடுத்ததாகச் செய்தி வந்தது. 2020 ஜூலை 3 அன்று அது டிஸ்னி பிளஸில் வெளியானபோது மாதச் சந்தா 6.99 டாலர். வீட்டில் பார்த்துவிட்டார்களே, இனி அரங்குக்கு யார் வருவார்கள் என்ற கேள்விக்கு, பிராட்வே திரும்பத் திறந்தபின் வசூலில் முன்னணியில் நின்றே அந்த நாடகம் பதில் சொன்னது. ஆனால் ஹாமில்டனின் வெற்றியைக் காட்டிச் சிறிய அரங்குகளுக்கு அறிவுரை சொல்வது அநியாயம். உலகம் முழுவதும் பெயர் தெரிந்த நாடகத்துக்கும் பெயர் தெரிந்த நடிகருக்கும் வீட்டுத் திரை பணம் கொண்டுவரும். இருநூறு இருக்கைகள் கொண்ட ஊர் அரங்கு ஒரு பதிவை எடுத்தால் முதல் பிரதியின் செலவே திரும்பி வராது.

அதனால்தான் ஊரடங்கு முடிந்து கதவு திறந்ததும் பல அரங்குகள் பின்வாங்கின. கென்ட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் மிசெக் தலைமையில் நடந்த ஆய்வு, தொற்றின் முதல் ஒன்றரை ஆண்டில் ஒரு நாடகத்தையாவது இணையத்தில் காட்டிய பிரிட்டனின் பொதுநிதி அரங்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை 2021 இலையுதிர்காலத்துக்கு ஒன்றையும் திட்டமிடவில்லை என்று கண்டது. அரங்குகளின் கோணத்தில் அது புரிகிறது: ஆட்குறைப்புக்குப் பிறகு மிஞ்சிய சிலருக்கு மேடையை மீட்பதே பெரும்பாடு. ஆனால் சக்கர நாற்காலியில் இருப்பவர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர், கூட்டத்தின் ஓசையைத் தாங்க முடியாதவர், முதியவரைத் தனியே விட்டுவிட்டு வெளியே போக முடியாதவர் ஆகியோருக்கு அந்த ஒன்றரை ஆண்டில் முதன்முறையாக எல்லோரோடும் சமமாகக் கிடைத்த ஒன்று அவர்களிடம் கேட்காமலே திரும்ப எடுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு இயல்பு வாழ்க்கை திரும்பிய நாளில் அவர்களுக்குக் கதவு மூடியது. நேஷனல் தியேட்டர் தளத்தில் வசன எழுத்துகளும், பார்வையற்றோருக்கான ஒலி விவரிப்பும் இருக்கின்றன; புரூஸ்துக்கு ஒலி மட்டும் கொண்டுபோன சேவையைவிட இது எவ்வளவோ முன்னேறியது. பொதுநிதி பெறும் அரங்குகளின் மானியத்தில் இதற்கென்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்கியிருந்தால் இந்தப் பின்வாங்கல் இவ்வளவு எளிதாக நடந்திருக்காது.

விலைக் கேள்வியின் கடினமான முடிச்சு உரிமைகளில் இருக்கிறது. நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்கலைப் பிரிவில் 1970இல் பெட்டி கார்வின் தொடங்கிய காப்பகத்தில் ஆயிரக்கணக்கான நாடகப் பதிவுகள் இருக்கின்றன. தொழிற்சங்கங்கள் படம்பிடிக்க ஒப்புக்கொண்டதே, அவை வெளியே போகாது, நூலகத்துக்குள் முன்பதிவு செய்து வருபவர் மட்டுமே பார்ப்பார் என்ற நிபந்தனையின் பேரில். அந்த நிபந்தனை இல்லாவிட்டால் காப்பகமே இருந்திருக்காது. அது இருப்பதால் ஐம்பது ஆண்டுகளின் நடிப்பு ஓர் அறைக்குள் இருக்கிறது. கலைஞர்களைக் குறைசொல்ல இடமில்லை. ஓர் இரவு நடித்ததற்குக் கூலி வாங்கியவரின் உழைப்பைப் பத்தாண்டு விற்றால் அவருக்கும் பத்தாண்டு பங்கு வர வேண்டும். சந்தாத் தளங்களில் ஒரு நாடகம் திடீரென்று காணாமல் போவதற்கும் பெரும்பாலும் காரணம் உரிமைக் காலம் முடிவதுதான்.

ஆனால் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. நேஷனல் தியேட்டர் 2015இலிருந்து தன் பதிவுகளைப் பிரிட்டனின் அரசுப் பள்ளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறது. அதே தொகுப்பு ப்ளூம்ஸ்பரி பதிப்பகத்தின் டிராமா ஆன்லைன் வழியாகப் பல்கலைக்கழகங்களுக்கும் நூலகங்களுக்கும் நிறுவனச் சந்தாவாகப் போகிறது. தனி மனிதர் மாதச் சந்தா கொடுத்து வாங்குவதை ஒரு நூலகம் மொத்தமாக வாங்கினால், மாணவருக்குச் செலவில்லை. கலைஞருக்கும் பங்கு போகும். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி போன்ற இடங்களில் நடிப்புப் பயில்பவர்களுக்கு அந்த ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ பத்து நிமிடம் ஒரு பருவப் பாடத்துக்குச் சமம்.

நம் பக்கத்தில் வாங்குவதைவிட அவசரமான வேலை பதிவெடுப்பது. நாடகாசிரியர் ந. முத்துசாமியின் நாடகப் பிரதிகள் அச்சில் இருக்கின்றன. அவருடைய கூத்துப்பட்டறைக் குழுவின் நடிகர்கள் அவற்றுக்கு உடலால் எழுதிய உரை அச்சில் வராது. அதைப் பெரும்பாலும் பார்த்தவர்கள்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். புதிய நாடகம் ஒன்று ஒத்திகைக்கு வரும்போதே, ஒரு நாள் முறையான பதிவுக்கும், நடிகர் முதல் ஒளியமைப்பாளர் வரை ஒவ்வொருவருக்கும் மறுகாட்சிப் பங்குக்கும், சில ஆண்டு கழித்து நூலகங்களுக்குத் திறப்பதற்கும் ஒப்பந்தம் எழுதிவிடலாம். அதற்கான பணத்தை மானியம் கொடுக்கும் அரசு நிறுவனங்களும் அறக்கட்டளைகளும் தயாரிப்புச் செலவின் ஒரு பகுதியாகவே சேர்த்துக் கொடுக்க வேண்டும். நாடகம் முடிந்து குழு கலைந்த பிறகு கேட்டால், இசைக்கு யார் உரிமையாளர் என்று தேடுவதிலேயே காலம் போய்விடும்.